மூன்று மாதம் என்று டாக்டர் சொன்னது

வனுவா லேவுத் தீவு,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த பின்

பிரிஸ்பேனில் வாழும் அன்பு மச்சான் வெரெனிகிக்கு,

உன் அக்கா மெரேவாலேசியின் கணவன் ஏரோனி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நானும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன வாரம் ஃபோனில் நான் சாகப்போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அது இல்லை என்றாகிவிட்டது. இதையும் ஃபோனிலேயே சொல்லலாம்; ஆனால் அன்றைக்கு நீ பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. அழுகிறாய் போல என்று வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்குப் பத்தொன்பது வருடம். துணி பிழியும் இயந்திரங்கள் மூன்றும் ஒன்றாக ஓடினால், எதிரில் நிற்பவன் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் ஒரு கொசு விடாமல் பாடும். கோயிலில் பாதிரியார் எல்லோரையும் உட்காரச் சொன்னபோது நான் ஒருவன் மட்டும் எழுந்து நின்றேன். டாக்டர் பிரனீதா என்று ஒருவர் வந்து, எங்கள் எல்லோருக்கும் காதைச் சோதித்து ரத்தமும் எடுத்துப் போனார். பத்து நாள் கழித்து, மூன்று இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்க, கூடத்து வாசலில் நின்று என்னிடம் முடிவைச் சொன்னார். என் காதில் விழுந்தது நாலே வார்த்தை: ரத்தம், துரு, திரும்பாது, மூணு மாசம்.

நீயே சொல், வேறு என்ன நினைப்பது? அன்றே உனக்கு ஃபோன் செய்தேன். வளர்த்த பன்றியைக் கோயிலுக்குக் கொடுத்தேன். திரும்பக் கேட்க வழியில்லை, சாப்பிட்டாகிவிட்டது, நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். பக்கத்துத் தோட்டத்துச் சகியுசா எல்லைக்கல்லை நகர்த்தினானே, அவனைக் கட்டிப்பிடித்து மன்னித்தேன். அவன் மறுநாளே இன்னும் இரண்டடி நகர்த்திவிட்டான். உன் அக்காதான், "செத்தா அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல டாக்டர்கிட்ட நடங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"யாரு உங்களைச் சாகச் சொன்னது? நாளெல்லாம் இரைச்சல் காதுல அடிச்சா, உடம்புக்குள்ள கெட்ட கழிவு சேருது. இரும்புல துரு ஏறுற மாதிரின்னு சொன்னேன். அதோட அடையாளம் உங்க ரத்தத்துல கொஞ்சம் கூடவே இருக்கு. அதுவும் சேர்ந்துதான் உள்காதுல இருக்கிற மெல்லிய முடியைக் கெடுக்குது."

"முடியா? எனக்குக் காதுல ஏராளமா முளைக்குதே டாக்டரம்மா!"

"அது வெளியில. உள்ள கெட்டுப்போன முடி திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். மூணு மாசம் துணி மடிக்கிற அறையில வேலை, அப்புறம் மறுபடி சோதனை. கூடத்துல எல்லாருக்கும் காதுமூடி வருது."

"அப்போ இவரு பொழைச்சிக்குவாரா?" என்றாள் உன் அக்கா.

"எண்பது வயசு வரைக்கும் உங்களைக் கத்த வைப்பாரு."

வெளியே வந்து ஆஸ்பத்திரிப் புல்தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், மச்சான். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இப்போது மடிப்பறையில் சன்னல் ஓரம் எனக்கு இடம். பெண்கள் பேசுகிற வம்பில் பாதி கேட்கிறது. அந்தப் பாதியே போதும், அத்தனை ருசி.

ஆகவே நீ வீணாகக் கவலைப்படாதே, செலவு செய்து புறப்பட்டும் வராதே. ஆண்டவர் உன் வீட்டையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

உயிரோடிருக்கும் உன் மச்சான்,
ஏரோனி

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அக்கா வந்து தோளைப் பிடித்து உலுக்குகிறாள். "என் தம்பி அரை மணி நேரமா வாசல்ல நின்னு கூப்பிடுறான், இங்க என்ன எழுத்து?" என்கிறாள். சன்னல் வழியே பார்த்தேன். கறுப்புச் சட்டை, தோளில் நம் வழக்கப்படி சாவு வீட்டுக்குக் கொண்டுவரும் பாய்கள், பின்னால் பிள்ளைகள் நாலு பேரும். கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். வாசலிலேயே முழுக்கப் படித்துவிட்டு உள்ளே வா. அதுவரை மரியாதைக்காக நான் கட்டிலில் படுத்திருக்கிறேன்.