கம்ப்ரஸருக்குக் காட்டிய கற்பூரம்

திருவள்ளூர்
22-10-1972, ஞாயிறு

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் கிருஷ்ணஸ்வாமி அவர்களின் திருவடிகளில் ஆராவமுதன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நான், அம்புஜவல்லி, குழந்தைகள் எல்லோரும் பகவத் கிருபையால் சௌக்கியம். பூனாவில் தாங்களும் வைதேஹி அக்காவும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். சௌக்கியம் என்று எழுதினேனே தவிர, ஆறு நாளாக எனக்குச் சாதம் இறங்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதுக்காரனை யார் சேர்த்துக்கொள்வார்கள்? தாங்கள் சிபாரிசு பண்ணியதால்தான் கும்மிடிப்பூண்டி முதலாளி ஸ்டோர் வேலை கொடுத்தார். அந்த வேலையும் தங்கள் பெயரும் வருகிற வியாழக்கிழமை சேர்ந்தே போய்விடும் போலிருக்கிறது.

தங்கள் தொழிற்சாலையில் தாங்களே பரிசோதித்து அனுப்பிய நாலு டன் கம்ப்ரஸர் ஆடி மாதமே வந்து சேர்ந்தது. பொருத்துகிற இஞ்சினீயர் வரும்வரை ஈரம் படக்கூடாது, மூடிகளைத் திறக்கவே கூடாது, வாரம் ஒரு தடவை சக்கரத்தைக் கையால் கால் சுற்று சுற்ற வேண்டும் என்று தாங்கள் எழுதியதை மனப்பாடமே பண்ணிவிட்டேன். இறக்குகிற அன்று பெட்டி செயின் பிளாக்கில் அந்தரத்தில் தொங்குகிறது, அதற்கு நேர் அடியில் லாரி டிரைவர் உட்கார்ந்து இட்லி தின்கிறான்! "ஐயோ, எழுந்திருடா!" என்று கத்தினால், "இன்னா சார் பேஜார் பண்றே, நாஷ்டா துன்னுக்கினு கீறேன்ல" என்கிறான். பாரம் தூக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி தணிகாசலம்தான் அவனை இலையோடு வெளியே இழுத்துப் போட்டான். ஷெட்டுக்குப் பாதிக் கூரைதான் இருந்தது. ஆரம்பாக்கத்தில் நெல் மூடுகிற தார்ப்பாயை வாங்கி வந்து கட்டினேன். பெட்டியில் குடைப் படம் போட்டிருக்கிறதே என்று சந்தேகத்துக்கு என் சொந்தக் குடையையும் விரித்து மேலே வைத்தேன். சிரிக்காதீர்கள். ஒரு பக்கப் பலகையைக் கழற்றி, சனிக்கிழமை தவறாமல், ராகு காலம் கழித்து, சக்கரத்தையும் சுற்றினேன்.

இத்தனை பண்ணினவன் ஆயுத பூஜையன்று புத்தி கெட்டுப் போனேன். பலகையெல்லாம் கழற்றி, மாலை சாத்தி, அம்புஜம் கொடுத்தனுப்பிய சுண்டலை வைத்துக் கற்பூரம் ஏற்றப் போகிற சமயம் ஃபிட்டர் சடையப்பன், "காத்து இழுக்குற வாய மூடி போட்டு வச்சிக்கினு சாமி கும்புட்டா எப்டி சார்? மூஞ்சி தெரிய வாணாமா?" என்றான். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அத்திம்பேர், எனக்கும் அது நியாயமாகவே பட்டது! பெருமாளுக்குத் திரை போட்டுவிட்டா ஆரத்தி காட்டுகிறோம்? எட்டு போல்ட்டையும் கழற்றச் சொல்லிவிட்டேன். நான் வெள்ளிக் குச்சியால் அந்த வாய்க்கு மேலே நாமம் இழுக்கிறேன், சடையப்பன், "நாங்க அல்லாரும் பட்டை போடறவங்க சார்" என்று விபூதித் தட்டோடு குறுக்கே வருகிறான், ஒரே தள்ளுமுள்ளு. முகத்துக்கு நாமம், சக்கரத்துக்குப் பட்டை என்று ராஜியாகி மூடியை மறுபடி முடுக்கினோம். ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, வீட்டுக்கு வந்து திருமண் பெட்டியைத் திறந்தால் வெள்ளிக் குச்சியைக் காணோம்!

அந்த வாய்க்குள்தான் விழுந்திருக்கிறது, வேறெங்கே போகும்? உள்ளே இப்படி ஏதாவது கிடந்து மிஷினை ஓட்டினால் என்ன ஆகும் என்று, வேறெங்கோ நடந்தது மாதிரி சடையப்பனிடம் கேட்டேன். "சிலிண்டர் தெறிச்சிக்கும் சார். பக்கத்துல நிக்கிறவன் காலி" என்றான். வியாழக்கிழமை இஞ்சினீயர் ஓட்டும்போது பக்கத்தில் நிற்கப் போகிறவன் தணிகாசலம். அவன் பெண்டாட்டி முத்தம்மாவுக்கு நிறைமாசம். நான் வாயைத் திறந்தா வேலை போயிடும், திறக்கலேன்னா அவன் போயிடுவான். ராத்திரியெல்லாம் இதே நினைப்பு. எனக்குத் தைரியம் கிடையாது, தங்களுக்கே தெரியும். ஆகையால் தாங்கள் தயவு பண்ணி, "தயாரிப்பில் சந்தேகம், உள்ளே பிரித்துப் பார்த்த பிறகே ஓட்டவும்" என்று ஒரு தந்தி கொடுத்துவிட்டால் பிழைத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற தங்களைப் பொய் சொல்லச் சொல்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னிக்க வேண்டும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தை ரங்காவுக்கு எங்கள் ஆசீர்வாதம், நன்றாகப் படிக்கட்டும். தந்திக்காரன் மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,

தங்கள் மைத்துனன்
ஆராவமுதன்

பின்குறிப்பு (27-10-72, வெள்ளி): திங்கட்கிழமை இதைத் தபாலில் போடப் போகிறபோது தணிகாசலம் சைக்கிளில் எதிரே வந்து, "பொண்ணு பொறந்துகீது சார்" என்று கல்கண்டு நீட்டினான். கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு நேரே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. நேற்று இஞ்சினீயரை வைத்து மிஷினைப் பிரித்தார்கள். குச்சி இல்லை. அது சுண்டல் தூக்கின் அடியில் கிடந்ததாக அம்புஜம் நேற்று ராத்திரி சொல்கிறாள். ஆனால் மிஷினுக்குள்ளே தகரக் கூட்டோடு ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. கூட்டின் மேல் "கிருஷ்ணஸ்வாமி, பரிசோதனைப் பிரிவு, பூனா" என்று தங்கள் கையெழுத்து. அப்படியே ஓட்டியிருந்தால் தணிகாசலம் இல்லை என்றார் இஞ்சினீயர். முதலாளி என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். தங்களுக்கு அங்கே ஏதாவது சங்கடம் வந்தால் ஸ்டோரில் எனக்குக் கீழே ஓர் இடம் காலியாக இருக்கிறது, எழுதிக் கேளுங்கள் என்கிறார். அத்திம்பேர், என்ன எழுதட்டும்?