என் குறட்டைக்கு எவனோ உரிமை கொண்டாடுகிறான்

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கு நலம். உன் கட்சிக்காரர்கள் பெருகட்டும், வாய்தாக்கள் குறையட்டும். இந்தக் கடிதத்தை உன் அக்காவிடம் காட்டாதே. படித்ததும் கிழித்துப் போடு.

நான் குறட்டை விடுகிறேன். கல்யாணமான நாள் முதல் உன் அக்கா சொல்லி நான் ஒப்புக்கொள்ளாத விஷயம் இது. வக்கீலிடம் மறைக்கக் கூடாது என்பதால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் நான் மதியம் படுத்திருந்தபோது அவள் செல்போனில் பதிவு செய்து, "இப்பவாவது ஒத்துக்கிறீங்களா" என்று எனக்கே அனுப்பினாள். அது பக்கத்து வீட்டுக்காரர் என்று சாதித்துவிட்டேன். ஆனால் தனியாகக் கேட்டபோது, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற என் காதுக்கு அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஏறுகிறது, நிற்கிறது, கதவு திறக்கிறது, இறங்குகிறது. கை சும்மா இருக்குமா? 'ஆழ்ந்த உறக்கம்' என்று இணையத்தில் ஒரு சேனல் தொடங்கிப் போட்டுவிட்டேன். ஜனங்க அதைக் கேட்டுத் தூங்குறாங்க மாப்ளே. இரவுப் பணி முடித்து வரும் ஒரு நர்ஸ், தூக்க மாத்திரையையே விட்டுவிட்டேன் ஐயா என்று எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அதற்குள் வந்தது வினை. 'மழைத்துளி' என்ற பெயரில் எவனோ அதே குறட்டையைப் போட்டிருந்தான். சேனல் நடத்த இடம் தரும் கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். அந்தக் கம்பெனியில் மனிதர் யாரும் இல்லை போலிருக்கிறது. ஓர் இயந்திரம் நன்றி சொல்லிவிட்டு என் பதிவைத்தான் நீக்கியது. மழைத்துளி எனக்கு முன்பே போட்டுவிட்டானாம், என்மேல் புகாரும் கொடுத்திருக்கிறானாம், அது அவன் சொத்தாம். மூக்கு என்னுடையது, சொத்து அவனுடையதா? டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம் வந்த பிறகு படைத்தவனுக்குப் பயமே இல்லை என்று சாப்பாட்டு மேஜையில் முழங்கினாயே, இதுதானா அது? சினிமாவையே திருடிப் போடுகிறவன் பேரை மாற்றி மாற்றி ஜாம்ஜாமென்று இருக்கிறான். மதியம் கண்ணசந்த நான் மாட்டிக்கொண்டேன். சரி, நிரூபித்துக் காட்டுவோம் என்று, உன் அக்கா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து கேமராவை வைத்து, சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் படுத்தேன். பதற்றத்தில் எனக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை. சாட்சி தூங்கிவிட்டார். அவர் குறட்டையைப் போட்டேன். அதற்கு எதிர்ப்பும் இல்லை, கேட்க நாதியும் இல்லை. இன்னும் ஒரு புகார் வந்தால் சேனலையே மூடிவிடுவார்களாம். அப்புறம் அந்த நர்ஸம்மா தூக்கத்துக்கு யாருப்பா பதில் சொல்றது?

அதனால் மழைத்துளிக்கு ஒரு நோட்டீஸ் விடு. ஈவு இரக்கம் பார்க்காதே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லோருக்கும் படுத்தவுடன் தூக்கம் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் உன் அக்கா பின்னால் நின்று படித்துவிட்டாள். மழைத்துளி அவள்தானாம். "எவனோ என் புருஷன் குறட்டையைத் திருடிட்டான்னு தம்பிகிட்ட சொன்னேன். பதிவு பண்ணவளுக்குத்தான் உரிமைன்னு புகாரையே அவன்தான் எழுதிக் கொடுத்தான்" என்கிறாள். ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் புகார் கொடுத்திருக்கிறோம். எதற்கு அதைப் போய்ப் போட்டாய் என்று கேட்டேன். "நீங்க வெளியூர் போனா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. போன் தொலைஞ்சாலும் அது தொலையக் கூடாதில்ல" என்றாள். புகாரை அவள் வாபஸ் வாங்குகிறாள், நோட்டீஸ் வேண்டாம். ஆனால் நான் குறட்டையை ஒப்புக்கொண்ட பக்கத்தைப் படம் பிடித்து உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். கடிதம் எழுதியவன் நான்தானே, உரிமை எனக்குத்தானே? சட்டம் என்ன சொல்கிறது என்று உடனே எழுது.