கழுத்தை நீட்டிய மாப்பிள்ளை

தாய்லாந்தில் பெண் எடுக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே மாப்பிள்ளைதான் கொடுக்க வேண்டும். எதையும் வாங்கக் கூடாது. எனக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வடசென்னைக் காலடிப்பேட்டைக்காரன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். பிறகு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. அங்கே கேன்டீனில் இருந்தவள் மாலி, தாய்லாந்துப் பெண். எங்கள் பையன்களோடு பேசிப் பேசி நம்ம ஏரியா தமிழ் கற்றுக்கொண்டாள். (நல்ல வார்த்தைகளைக் கடைசியாகத்தான் கற்றாள்.)

அவள் அப்பாவுக்கு என் மேல் ஒரே சந்தேகம். இந்தியாவில் மாப்பிள்ளை பெண் வீட்டு நகையை உருவிக்கொள்வான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். (பொய் என்று சொல்ல முடியவில்லை.) அப்படிப்பட்ட ஆள் என்றால் பெண் கிடையாது என்றார். நான் அப்படி இல்லை என்று மாலி சத்தியம் செய்த பிறகுதான் சம்மதித்தார்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு மாப்பிள்ளை கொடுக்கும் பணமும் நகையும் சேர்ந்து 'சின்சோட்'. அதை எடுத்துக்கொண்டு நானும் என் அக்கா புருஷனான மாமாவும் தாய்லாந்துக்குப் போனோம்.

கல்யாணத்தன்று காலையில் மேளத்தோடு ஊர்வலம். பெண் வீட்டு வாசலில் இரண்டு சின்னப் பெண்கள் ஒரு தங்கச் செயினை ஆளுக்கொரு முனை பிடித்து என் எதிரே நீட்டினார்கள்.

மாமா விலாவில் இடித்தார். "மாப்ளைக்கு செயின் போட்றாங்க மச்சான். கேக்காமலே செய்றாங்க. குனி."

குனிந்தேன். பெண்கள் முழித்தார்கள். பாவம், போடத் தெரியவில்லை போல என்று இரண்டு முனையையும் வாங்கிக் கொக்கியை நானே மாட்டிக்கொண்டேன். எல்லோரையும் கும்பிட்டேன்.

மேளம் நின்றது. மாலியின் சித்தி கத்தினாள். செயின் அவளுடையது. அப்பா என் கழுத்தையே பார்த்தார். மாடி ஜன்னலைத் திறந்து மாலி எட்டிப் பார்த்தாள்.

"யோவ், இன்னாய்யா பண்ணிகினு கீற? அத்த கயட்டு."

"உங்க ஊட்ல போட்டாங்க."

"போடலய்யா. வழி மறிக்கிறாங்க. கவர்ல துட்டு குட்த்தா வுடுவாங்க. சொன்னேன்ல?"

சொல்லியிருப்பாள். நான் தலையாட்டியிருப்பேன். கழற்றிக் கொடுத்தேன். கையில் இருந்த கவரையும் கொடுத்தேன். அடுத்து மறித்தவர்கள் கையில் தங்கம் இல்லை. அதற்குள் துணி காயப்போடும் நைலான் கயிறு வந்துவிட்டது.

உள்ளே மாலியைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சின்சோட்டைத் துணியில் பரப்பி, அரிசியும் எள்ளும் தூவி, மூட்டையாகக் கட்டி மாலியின் அம்மா தோளில் வைத்தார்கள். அவர் இரண்டடி வைத்தார். முனகினார். முதுகு வளைந்தது. கால் தள்ளாடியது.

அது நடிப்பு. மாப்பிள்ளை நிறையக் கொடுத்துவிட்டான், தூக்க முடியவில்லை என்று காட்டுவது அங்கே சம்பிரதாயம். எனக்கு என்ன தெரியும்? வயதான அம்மா மூட்டையோடு தள்ளாடுகிறது. எழுந்தேன். மூட்டையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

இந்த முறை நிற்பதற்கு மேளம்கூட இல்லை. காலையில் நகை, இப்போது பணம். அப்பா எழுந்துவிட்டார். மாலி முகத்தை மூடிக்கொண்டாள்.

மாமா காதில் கேட்டார். "மச்சான், அப்டியே கெளம்பிடலாமா?"

எனக்கு அவர்கள் பாஷை வராது. அம்மாவின் முழங்காலைக் காட்டினேன். மூட்டையை எங்கே வைக்க வேண்டும் என்று கையால் கேட்டேன். அம்மா தன் முழங்காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"இன்னாவாம்?" என்று மாலியைக் கேட்டேன்.

"'இத்தினி வருசத்துல நீ ஒரு கொடம் தண்ணி தூக்கிக் குட்த்தியா? இவன் வந்த அன்னிக்கே தூக்குறான்'னு அப்பாவ கேக்குது."

அப்பா ஓர் அறையைக் கை காட்டினார். மூட்டையைக் கொண்டுபோய் பீரோவில் வைத்தேன். பின்னாலேயே வந்து அவரே பூட்டினார். பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்தார். அப்புறம் என் தோளைத் தட்டினார்.

கல்யாணம் நடந்தது. மறுவாரமே சின்சோட்டில் பாதியை எங்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். (சிலர் கொடுப்பார்கள். கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை.)

இப்போதும் அங்கே போகிறோம். நான் வாசலில் செருப்பை விடும்போதே சித்தி தன் செயினைச் சட்டைக்குள் தள்ளிக்கொள்கிறாள். மாமியார் ஒரு தலையணையைத் தோளில் வைத்துக்கொண்டு முனகியபடி வருகிறார். எழுந்து போய் வாங்கிக்கொள்கிறேன்.

"கனமா கீதா மாமு?" என்பாள் மாலி.

கனம்தான் என்பேன்.