சேலத்துல ஒரு நல்ல தூக்கம்

மச்சினனை மெட்ராஸ் ஏர்போர்ட்ல இருந்து கூட்டிக்கிட்டு, வழியில ஒரு ஊர்ல ராத்திரி தூங்க வெச்சு, மறுநாள் காலையில சூலூர்ல பொண்ணு வீட்டுல கொண்டு போய் உட்கார வைக்கணும். எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

தொண்ணூறுகள்ல நடந்தது. மச்சினன் ரவிக்கு அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை டிசம்பர்ல வருவான். போன தடவை ஏரோப்ளேன்ல இருந்து இறங்கின கையோட பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போனோம். ரெண்டு நாள் தூக்கமில்லாம கண்ணெல்லாம் செவந்து, கேட்ட கேள்விக்குத் தாமதமா பதில் சொன்னான். பொண்ணோட மாமா என்னைத் தனியா ஓரங்கட்டி, "மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் பழக்கம் இருக்குங்களா?"ன்னு கேட்டார். அந்த இடம் அத்தோட போச்சு.

இந்தத் தடவை கையில இருந்தது சூலூர் இடம் ஒண்ணுதான். பொண்ணோட அப்பா தறி ஓட்டறவர். கண்டிப்பான ஆளு. மார்கழி பிறக்கறதுக்கு முன்னால ஒரு காலை நேரத்தைக் குறிச்சுக் கொடுத்து, அதை விட்டா தைதான்னு சொல்லிட்டார். தைக்குள்ள ரவி திரும்பி அமெரிக்கா போயிருப்பான்.

என் சம்சாரம் சரோஜா தெளிவாச் சொல்லிட்டா. "எந்தம்பி நல்லாத் தூங்கி எந்திரிச்சு, மொகம் தெளிஞ்சு வரோணும். அது உங்க பொறுப்புங்க."

எனக்குக் கணபதியில கிரைண்டர் மோட்டார் பண்ற ஒரு சின்னப் பட்டறை. திட்டம் போடறதுல நம்மள மிஞ்ச ஆளில்லைன்னு எனக்கு ஒரு நினைப்பு. ஃப்ரெண்டோட வெள்ளை அம்பாசடர், டிரைவர் மணி, காலையில மெட்ராஸ்ல கிளம்பினா சாயங்காலம் ஒரு லாட்ஜ். நல்லாத் தூங்கி, விடிஞ்சதும் எழுந்து சூலூர்.

"ஈரோட்டுல தங்கிக்கறோம்"னேன்.

ஈரோட்டுல அவ பெரியப்பா இருக்கார், அவர் இருக்கற ஊர்ல லாட்ஜா, மானம் போயிரும்னா. சரி, பெரியப்பா வீட்டுலயே தங்கறோம்னேன். "அங்க போனா தூங்க உடுவாங்களா?"ன்னு கேட்டா. நியாயமான கேள்விதான்.

பெருந்துறையில என் தங்கச்சி. பவானியில என் சித்தப்பா. சங்ககிரியில சரோஜாவோட அத்தை. நம்ம பக்கத்துல சொந்தக்காரங்க இருக்கற ஊர்ல லாட்ஜில படுத்தது தெரிஞ்சா யாரும் சண்டைக்கெல்லாம் வர மாட்டாங்க. அடுத்த விசேஷத்துல பார்க்கறப்ப சிரிச்சுக்கிட்டே, "எங்களையெல்லாம் உங்களுக்குக் கண்ணுக்குத் தெரியுமுங்களா"ம்பாங்க. சாகற வரைக்கும் பார்க்கற எடத்துலயெல்லாம் அதையே சொல்லுவாங்க.

கடைசியா சேலம்னு முடிவாச்சு. சேலத்துல எங்க ரெண்டு பேருக்குமே ஒரு ஈ காக்கா சொந்தமில்லை. போன் போட்டு ஒரு லாட்ஜில ரூம் சொல்லி வெச்சேன். என்னை நானே தட்டிக் கொடுத்துக்கிட்டேன்.

மெட்ராஸ்ல எல்லாம் சரியா நடந்துச்சு. ரவி ரெண்டு பெரிய பொட்டியோட வந்தான். கார்ல ஏறினதும் கண்ணை மூடினான். மணி ஓட்டற ஓட்டுல ஒவ்வொரு குழிக்கும் கண்ணைத் திறந்தான். உளுந்தூர்பேட்டை தாண்டறதுக்குள்ள தூங்கற யோசனையையே விட்டுட்டான்.

"கவலைப்படாத மாப்ள. சேலத்துல போய்ப் படுத்தா காலையில எந்திரிக்கறதுதான்"னேன். அவனும் நம்பினான். பாவம்.

சேலம் லாட்ஜுக்குள்ள நுழையறப்ப வெயில் இறங்கியிருந்துச்சு. கல்லாவுல லாட்ஜ்காரரே உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெத்தியில திருநீறு. சாவியைக் கையில எடுத்துட்டார். ரவி அந்தச் சாவியைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கலை.

"எந்தூருங்க?"ன்னார்.

கோயமுத்தூர்னேன். கோயமுத்தூர்ல எங்கன்னார். கணபதின்னேன். பூர்வீகமே கணபதிங்களான்னார். இல்லீங்க, காங்கயம் பக்கம்னேன்.

அங்க நிறுத்தியிருக்கணும். அடுத்து என்ன கேட்பார்னு எனக்குத் தெரியும். நம்ம பக்கம் பொறந்த எவனுக்கும் தெரியும்.

"எந்தக் கூட்டமுங்க?"

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம்னா குலம். ஒரே கூட்டம்னா முன்னப்பின்ன பார்த்திருக்காட்டியும் அண்ணன் தம்பி, பங்காளி. நான் ஏதாச்சும் ஒரு பேரைச் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். என் வாய் உண்மையைச் சொல்லிருச்சு.

அவர் எழுந்து நின்னார். சாவியைத் திரும்ப ஆணியில மாட்டினார்.

"ஏனுங்க பங்காளி, அண்ணன் ஊடு இங்கிருக்கையில லாட்ஜில படுக்கறதாவது?"

இல்லீங்க, பையன் ரொம்பத் தூரத்துல இருந்து வாரானுங்க, தூங்கினாப் போதுமுங்க, இன்னொரு தடவை கண்டிப்பா வாரோமுங்கன்னு என்னென்னமோ சொன்னேன். நம்ம ஊர்ல வேண்டாம்னு எவ்வளவு மரியாதையாச் சொல்றமோ, அவ்வளவு தூரம் அது சரின்னுதான் கேட்கும். அவர் என்னை 'இல்லீங்க'ன்னு சொல்லவிட்டுக்கிட்டே, பின்னால நின்ன மஞ்சள் வியாபாரி ஒருத்தருக்கு எங்க ரூமைக் கொடுத்துட்டார். வியாபாரி எனக்குக் கும்பிடு போட்டுட்டு மாடி ஏறிப் போனார்.

லாட்ஜ்காரர் பேர் சாமியப்பண்ணன். வீடு பக்கத்துத் தெரு. சாமியப்பண்ணனோட சம்சாரம் வாசல்லயே, "வாங்க கொழுந்தனாரே"ன்னுச்சு. ரவியைப் பார்த்து, "கண்ணு எளைச்சுப் போயிருக்குது"ன்னு சொல்லி, கொல்லைப்பக்கம் போய் கோழி பிடிக்க ஆரம்பிச்சுருச்சு.

கோழி லேசுல சிக்கலை.

அது சிக்கி, குழம்பாகற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமேன்னு அக்கம்பக்கத்து ஆளுங்க வந்தாங்க. அமெரிக்காவுல அரிசி கிடைக்குமான்னு ஒருத்தர் கேட்டார். அதுக்குப் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்தவர் வந்து அதையே கேட்டார். நானும் சும்மா இருக்கலாம்ல? மாப்ள கம்ப்யூட்டர்ல பெரிய ஆளுன்னு பெருமையா ஒரு வார்த்தை விட்டேன். அரை மணியில ஒருத்தர் ஓடாத வீடியோ டெக்கைத் தூக்கிட்டு வந்து அவன் மடியில வெச்சுட்டார். இன்னொருத்தர் போர் மோட்டார் புகையுதுங்கன்னார். மோட்டார் பட்டறைக்காரன் நான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன், என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. அமெரிக்கா போனவன் சொன்னாத்தான் மோட்டார் கேட்குமாம்.

சாப்பாடு அமிர்தம். அதைச் சொல்லாம இருக்க முடியாது. மூணாவது தடவை சோறு போட்டப்ப ரவி இலையை மடிச்சான். அந்தம்மா மடிச்ச இலையைத் திறந்து போட்டுச்சு.

ஒரு வழியாப் படுக்கை போட்டாங்க. புது மெத்தை, துவைச்ச போர்வை, எந்தக் குறையும் இல்லை. நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சாமியப்பண்ணனோட தறிக்கூடம். ராத்திரி ஷிப்ட் ஆரம்பிச்சுது.

டக்கடக்கு டக்கடக்கு டக்கடக்கு.

"சத்தம் பழகிருமுங்க பங்காளி"ன்னு சொல்லிட்டு, அண்ணன் விளக்கை அணைச்சுட்டுப் போயிட்டார். அவருக்குப் பழகியிருந்துச்சு.

"மச்சான், இப்ப அங்க காலையில பத்து மணி. எனக்குச் சுத்தமாத் தூக்கம் வரலை"ன்னான் ரவி இருட்டுல. தறிச் சத்தத்துல அதைக் கத்தித்தான் சொன்னான். அவன் முழிச்சிருக்கானேன்னு நானும் முழிச்சிருந்தேன். டிரைவர் மணி வாசல்ல கார் சீட்டுல காலை நீட்டித் தூங்கினான். நான் போட்ட திட்டத்துல பலன் அடைஞ்சது அவன் ஒருத்தன்தான். மஞ்சள் வியாபாரியையும் சேர்த்துக்கலாம்.

காலையில பார்த்தா ரவி கண்ணு ரெண்டும் மிளகாய்ப் பழம். பரவால்லை, இனி ஒரே ஓட்டமா சூலூர் போய், போற வழியில அவனைக் கொஞ்சம் கண்ணசர வைக்கலாம்னு கணக்குப் போட்டேன்.

அப்பத்தான் சாமியப்பண்ணன் சம்சாரம், எங்க புது அண்ணி, சிரிச்ச முகமா வந்துச்சு. அதுக்குப் பொறந்த ஊடு பெருந்துறையாம். என் தங்கச்சி குடும்பம் நல்லாத் தெரியுமாம். "நேத்தே போன் பண்ணிச் சொல்லிப்போட்டேனுங்க கொழுந்தனாரே. அவியளுக்கு ஒரே சந்தோசம்."

தங்கச்சிக்குச் சொன்னா சித்தப்பாவுக்குச் சொன்ன மாதிரி. சித்தப்பாவுக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி.

சங்ககிரியில ரோட்டோரமாவே சரோஜாவோட அத்தை நின்னுட்டிருந்துச்சு. வெள்ளை அம்பாசடர் ஒவ்வொண்ணுக்கும் கை காட்டி, எங்களுக்கு முன்னால ரெண்டு வண்டியை நிறுத்தி விசாரிச்சிருக்கு. இட்லி, குடல் குழம்பு. எங்களை உட்கார வெச்சுட்டு, "எங்கூரைத் தாண்டிப் போயி சேலத்துல தங்கியிருக்கறீங்க"ன்னுச்சு. நாங்க மெட்ராஸ்ல இருந்து வர்றோம், சேலம்தான் முதல்ல வரும்னு சொல்லலாம்னு பார்த்தேன். அத்தைகிட்ட பூகோளம் பேசற தைரியம் எனக்கில்லை. கூட ரெண்டு இட்லி வாங்கிக்கிட்டேன்.

பவானியில சித்தப்பா பாலத்துக்கிட்டயே சைக்கிளைக் குறுக்க நிறுத்திட்டார். பணியாரம். பெருந்துறையில தங்கச்சி. தோசை, கறி வறுவல், அதுக்கு மேல "எங்கண்ணன் லாட்ஜ் தேடிப் போயிட்டான்"னு அழுகை. அழுகையை நிறுத்த ரவி நாலு தோசை சாப்பிட வேண்டியதாப் போச்சு. ரோட்டை விட்டுத் தள்ளியிருந்த ஈரோடு ஒண்ணுதான் தப்பிச்சுது. மத்தபடி எந்தெந்த ஊரை நான் கெட்டிக்காரத்தனமா ஒதுக்கி வெச்சேனோ, அந்தந்த ஊர்லயெல்லாம் ஒரு இலை போட்டாச்சு.

ஒரு வழியா சூலூர் போய்ச் சேர்ந்தோம். நல்ல நேரம் முடியறதுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. சரோஜாவும் என் மாமியாரும் கணபதியில இருந்து முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாங்க. ரவியைப் பார்த்ததும் மாமியார் தலையில கையை வெச்சுக்கிட்டாங்க. சரோஜா என்னைப் பார்த்தா. அப்புறம் தம்பி கண்ணைப் பார்த்தா. மறுபடி என்னைப் பார்த்தா.

பொண்ணோட அப்பா நாற்காலி காட்டினார். குஷன் வெச்ச நாற்காலி. தலைக்கு மேல ஃபேன். பொண்ணு பார்க்கற நாளுங்கறதால மரியாதைக்குத் தறியெல்லாம் நிறுத்தி வெச்சிருந்தாங்க. அந்த வீட்டுல அப்படி ஒரு அமைதி. நேத்து ராத்திரி பூரா நான் ஏங்கின அமைதி.

"வழியில சௌரியமா வந்தீங்களா?"ன்னு அவர் கேட்டது ஞாபகம் இருக்கு. பதில் சொன்னது ஞாபகம் இல்லை.

இதுக்கு மேல நடந்ததெல்லாம் சரோஜா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பொண்ணு கவிதா காப்பித் தட்டோட வந்து நின்னிருக்கு. மாப்பிள்ளை ஒரு நாற்காலியில தலை சாஞ்சு தூக்கம். பக்கத்து நாற்காலியில நான். மாமியார் கண்ணுல தண்ணி. கவிதா தட்டைக் கீழ வெச்சுட்டு, பதறாம, "தலகாணி எடுத்தாரட்டுங்களா?"ன்னு கேட்டுச்சாம்.

அதோட போயிருந்தாப் பரவால்லை. குறட்டைச் சத்தம் ஆரம்பிச்சிருக்கு. தறி ஓடியிருந்தா யாருக்கும் கேட்டிருக்காது. பொண்ணோட அப்பா முகம் கறுத்துருச்சு. பகல் பூரா தறிச் சத்தத்துல கிடக்கற மனுசன், ராத்திரியாச்சும் மக நிம்மதியாத் தூங்கற வீட்டுல வாழணும்னு நினைக்க மாட்டாரா? சமையல்கட்டுல பொண்ணோட அம்மா, "இந்தச் சத்தத்தோட காலம் பூரா எப்படிங்க? கண்ணு காணாத தேசத்துல எம்புள்ள யாருகிட்டப் போயிச் சொல்லும்?"னு சொல்லிருச்சு. சரோஜாவுக்கு எல்லாம் முடிஞ்சுதுன்னே தோணிருச்சாம்.

கவிதா தலகாணியோட மறுபடி வந்துச்சு. மாப்பிள்ளைகிட்டக் குனிஞ்சு காது கொடுத்துக் கேட்டுச்சு. அப்புறம் என்கிட்ட வந்து கேட்டுச்சு. மறுபடி அவன்கிட்டப் போய் ஒரு தடவை சரி பார்த்துக்கிச்சு. காலேஜ்ல படிச்ச பொண்ணு.

சமையல்கட்டுக்குப் போய்ச் சொல்லிருச்சு. "அம்மா, கொறட்டை மாப்பிள்ளை இல்லீங்க. அவிய மச்சானுங்க. இவிய கொழந்தையாட்டத் தூங்கறாங்க. எனக்குச் சம்மதமுங்க."

நாங்க எழுந்திரிக்கறப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்தாங்க. ரவி முகம் தாமரைப்பூவாட்டம் தெளிஞ்சிருந்துச்சு. சரோஜா கேட்ட அந்த முகமேதான். அவன் சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு, ரொம்ப மரியாதையா, "பொண்ணு எப்பங்க வரும்?"ன்னு கேட்டான்.

"வந்துபோட்டுப் போயி ரொம்ப நேரமாச்சுங்க"ன்னுச்சு, இலைக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்த கவிதா.

பொண்ணோட அப்பாவே சிரிச்சுட்டார். அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. மாமியார் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. என்னால நடந்த நல்லதுக்கா, என்னால நடக்க இருந்த கெட்டதுக்கான்னு நான் கேட்டுக்கலை.

தையில ரவி மறுபடி லீவு வாங்கிட்டு வந்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சேலம் சாமியப்பண்ணன் முதல் ஆளா வந்து, கூட்டத்துக்குப் பெரியவராட்டம் நின்னு பந்தி விசாரிச்சார்.

மண்டபத்துல சொந்தக்காரங்க எல்லாரும் ஹால்ல பாய் போட்டுப் படுத்தாங்க. எனக்கு மட்டும் பொண்ணு வீட்டுக்காரங்க மாடியில, கடைசிக் கோடியில, கனமான கதவு போட்ட தனி ரூம் ஒதுக்கியிருந்தாங்க.

மரியாதைன்னுதான் இன்னைக்கு வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.