துரை கொடுத்த பட்டம்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது எனக்கே தெரியாமல் இருந்த காலம் அது. ஸ்கூல் பைனலில் இங்கிலீஷ் பரீட்சையைத் தட்டுத் தடுமாறித் தாண்டிவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு மராமத்து ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தேன். (உட்கார்ந்துதான் இருந்தேன்.)

கரமனையில் பர்வதத்தை எனக்குப் பேசியிருந்தார்கள். கோயிலில் சாப்பாடு போடும் ஊட்டுப்புரையில் சமையல் பார்த்த அவள் அப்பா மட்டும் பிடிகொடுக்கவில்லை. "டெம்பரரிக்குப் பொண்ணைக் குடுக்க முடியாதாக்கும். வேலை ஸ்திரமாகட்டும்" என்றார். எனக்கோ பர்வதத்தை விட மனமில்லை.

ஒரு நாள், கொல்லத்துக்குப் போக வேண்டிய பாலத்தின் வரைபடத்தை நாகர்கோவிலுக்கு அனுப்பிவிட்டேன். எங்கள் வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டார். கோபப்படவில்லை. தோளில் தட்டி, சிரித்துக்கொண்டே, "யூ ஆர் எ பிளாக்ஹெட், மை பாய்!" என்றார்.

ஆபீஸ் கட்டடத்தில் மூன்று பிளாக்குகள். எங்கள் பிளாக்கின் ஹெட் கிளார்க் முந்தைய வாரம்தான் பென்ஷனில் போயிருந்தார். கணக்குச் சரியாக இருந்தது.

"தாங்க்யூ சார்! ஐ வில் டூ மை பெஸ்ட் சார்!" என்றேன்.

துரை மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் பணிவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலமே கரமனைக்கு ஓடினேன். "மாமா, துரை என்னைப் பிளாக்ஹெட் ஆக்கிட்டார்!"

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் நின்று தெருவே கேட்க, "எங்க மாப்பிள்ளை பிளாக்ஹெட்டாக்கும்! துரையே வாயால சொல்லியிருக்கார்!" என்று முழங்கினார்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. பர்வதம் கான்வென்டில் படித்தவள். (இதை நான் மறந்திருக்கக் கூடாது.)

"அப்பா, அதுக்கு மரமண்டைன்னு அர்த்தம்."

கரமனையாற்றில் குதித்துவிடலாம் என்று தோன்றியது. அன்று முழங்கால் அளவுதான் தண்ணீர்.

மாமா கையைப் பிசைந்தார். "பின்னே, இந்த வரன் வேண்டான்னு சொல்லிடட்டுமாடீ?"

நான் அடுக்களைக் கதவையே பார்த்தேன்.

"எதுக்குப்பா? மத்த மாப்பிள்ளைகளோட லட்சணம் கல்யாணத்துக்கு அப்பறம்தான் தெரியும். இவர் துரைகிட்டேயே சர்டிபிகேட் வாங்கிண்டு வந்திருக்காரே!"

வேலை ஸ்திரமாகட்டும் என்ற பேச்சை மாமா விட்டுவிட்டார்; அடுத்து வந்த தையிலேயே கல்யாணம் நடந்தது. பல வருஷம் கழித்து நிஜமாகவே அந்தப் பிளாக்குக்கு ஹெட் ஆனேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆர்டரை நீட்டினால், "இது எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்றாள் பர்வதம்.

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்கு வரன் வந்தாலும், ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்னால், "துரை சர்டிபிகேட் உண்டோ?" என்றுதான் கேட்கிறார்கள். என்னுடையதற்கு ஈடாக இதுவரை ஒன்றும் வரவில்லை.