நான்கு கங்காணிகளும் ஒரு முகவையும்

பதுளையில் நான் படிப்பித்த பாடசாலையின் ஆய்வுகூடத்தில் அன்று இருந்தவர்கள்: என் பாடத்தைப் பரிசோதிக்க வந்த கல்வி அதிகாரி, அதிபர், உயர்தர வகுப்பு மாணவர்கள், அதிபரின் அனுமதியோடு கடைசி வாங்கில் என் அப்பாவும் அம்மாவும். (இருவரும் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்காமல் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தார்கள்.) இல்லாதவர், என்னைத் தடுத்திருக்கக்கூடிய மூத்த இரசாயன ஆசிரியர். வெலிமடையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். என் பயமும் அவரோடு போய்விட்டது போலிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். தற்காலிக ஆசிரியர். அதிகாரி அன்று தலையாட்டினால் வேலை நிரந்தரம். ஆட்டாவிட்டால் பெட்டியோடு தோட்டத்து லய வீட்டுக்கு. புத்தியுள்ளவன் லிட்மஸ் தாளைச் சிவக்கவைத்துக் காட்டிவிட்டுப் பிழைத்துக்கொள்வான். நானோ பென்சல்டிகைட்டையும் அசற்றோனையும் ஒடுங்கவைத்து, அதாவது ஒன்றாகப் பிணைத்து, மஞ்சள் பளிங்குத் துகள் எடுத்துக் காட்டுவதாக அறிவித்துவிட்டேன்.

ஊக்கியாக நீர்த்த எரிசோடாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கலவை உள்ள கண்ணாடி முகவை, தொட்டியில் குளிர்ந்த தண்ணீரில் இருக்க வேண்டும். புத்தகம் கேட்டது அவ்வளவுதான்.

"ஊக்கின்னா கங்காணி மாதிரி," என்றேன், அம்மாவுக்கும் புரியட்டுமென்று. "தான் கொழுந்து பறிக்க மாட்டாரு. ஆனா அவரு வந்து நின்னா வேலை ஓடும்."

வகுப்பு சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம்.

முகவையில் ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சேர், கங்காணி தூங்குறாரு போல," என்றான் முன்வரிசை மாணவன் ஒருவன்.

"அப்ப இன்னும் நாலு கங்காணிய எறக்குவோம்!" என்று, கெட்டியான எரிசோடாக் கரைசலை அப்படியே கவிழ்த்தேன். அதோடு விட்டேனா? அப்பா தேயிலை ஃபெக்டரியில் இலையைச் சூட்டில் உலர்த்துகிறவர். சூடு காட்டாமல் எதுவும் முடிவுக்கு வராது என்பது எங்கள் இரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. அதிகாரியின் தேநீருக்காகக் கொதித்துக்கொண்டிருந்த கேத்தல் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, முகவையை அதில் இறக்கினேன்.

பிறகு அசற்றோன் கொதித்து, வாதுமை வாசனையோடு செம்பழுப்பு நுரை பொங்கியெழுந்தது. மேசையைக் கடந்து, அதிகாரியின் வெள்ளைக் காற்சட்டையில் போய் நின்றது. பளிங்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் தார்.

ஒரே ஒருவர் கைதட்டினார். அம்மா.

"எங்க தம்பி செஞ்சுபுட்டான்!"

அப்பாவும் தட்டினார். மாணவர்கள் விடுவார்களா? கூரை அதிர்ந்தது. அதிபர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து அதிகாரியின் கால்களைக் கழுவினார்.

"யாரு அந்த அம்மா?" என்றார் அதிகாரி, சொட்டச் சொட்ட.

"எங்க அம்மாங்க, ஐயா."

அம்மாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பொங்கியதுதான் வெற்றி என்று நினைத்திருந்த அந்த முகத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இரசாயனத் தாக்கம் நடந்துருச்சு," என்றார். "கட்டுப்பாடுதான் நடக்கல. அடுத்த வருசம் வந்து பாக்குறேன். அதுவரைக்கும் தற்காலிகமாவே இருங்க."

சொன்னபடி வந்தார், கறுப்புக் காற்சட்டையில். லிட்மஸ் தாள் சிவந்தது, வேலை நிரந்தரமானது.

இன்றும் எங்கள் வீட்டில் பால் பொங்கினால் அடுப்பை அணைக்க யாரும் ஓடுவதில்லை. முதலில் எல்லோரும் கைதட்டுகிறோம். அந்த முதல் கைதட்டலுக்கு, அதிகாரிக்குத் தைத்துக் கொடுத்த புதுக் காற்சட்டையின் துணியும் தையல் கூலியுமாக, எங்கள் குடும்பம் கட்டிய விலை நாற்பத்தெட்டு ரூபாய்.