ஐந்து கால் கோழி

உலக ஓவிய வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்: நவநீதகிருஷ்ணன் கோழிக்கு ஐந்து கால் போடுவதற்கு முன், போட்ட பின். இதை மறுப்பவர்கள் அஸ்தம்பட்டியில் பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் கோகிலவாணி அம்மையார் நடத்தும் ஓவியக்கூடத்துக்கு ஒருமுறை போய்வரவும். லிஃப்ட் கிடையாது. கலைக்கு ஏது லிஃப்ட்?

ஐந்து கால் கோழி, அழுகிற முட்டை, கொம்பு முளைத்த லாரி எனப் படங்கள் எல்லாம் முதல் கண்காட்சியிலேயே விற்றுத் தீர்ந்தன. "அந்த அஞ்சாவது காலுதானுங்க இன்னிக்கு மனுசனோட தவிப்பு" என்று கோகிலவாணி விளக்க, நாமக்கல் கோழிப்பண்ணை முதலாளி ஒருவர் கண்கலங்கி நின்றார். அவர் வளர்த்து விற்ற லட்சக்கணக்கான கோழிகளில் ஒன்றுகூட அவரை அப்படி உலுக்கியதில்லை.

பார்த்தவர்கள் எல்லாம் வியந்த இந்தக் 'குழந்தை மனம்' நவநீதகிருஷ்ணனுக்கு எப்படி வாய்த்தது? எல்லாம் கடமை உணர்ச்சிதான். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அவர் ஓவிய ஆசிரியர். 'தவறான' படங்களைப் பறிமுதல் செய்வது அவர் வழக்கம். ஐந்து கால் கோழியும் அப்படிக் கிடைத்ததுதான்.

"ஏண்டா இத்தன காலு?"

"கோழி ஓடுதுங்க சார். ஓடறப்ப அப்படித்தானுங்க தெரியுது" என்றான் நான்காம் வகுப்பு தனுஷ்.

அவனுக்கு விரல் முட்டியில் ஸ்கேல் அடி. படம் சாரின் பீரோவுக்குப் போய், அங்கிருந்து பெரிய கேன்வாசாக வளர்ந்து அஸ்தம்பட்டி மாடி ஏறியது. வரைந்தவனுக்குத் தண்டனை, வரைந்ததற்குத் தங்கமுலாம் சட்டம். இவ்வளவு நுட்பமான நீதி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

இரண்டாவது கண்காட்சிக்குத் தேதி குறித்தாயிற்று. கோகிலவாணி போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "சனிக்கெழமைக்குள்ள புதுப் படம் வரலீன்னா, உங்க படம் மாட்டற செவுத்த, பிளாஸ்டிக் குடம் வரையற கலையரசனுக்குக் குடுத்துருவனுங்க சார்."

நவநீதகிருஷ்ணன் பீரோவைத் திறந்தார். காலி. பிழைகளை அவர் அவ்வளவு சிறப்பாக வேரறுத்திருந்தார். பள்ளியில் இப்போது எந்தக் குழந்தை வரைந்தாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு வீடு, ஒரு தென்னை. பறிமுதல் செய்ய ஒன்றும் அகப்படவில்லை. தானே முயன்றார். இடது கையால், கண்ணை மூடிக்கொண்டு போட்டும் கோழி இரண்டு காலில் கச்சிதமாக வந்து நின்றது.

மறுநாள் மூன்றாம் வகுப்புக்குள் புன்னகையோடு நுழைந்தார். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

"கண்ணுங்களா, இன்னிக்கு உங்க இஷ்டம். என்ன வேணாலும் வரைங்க."

வகுப்பு முழுவதும் ஒரே சமயத்தில் ஸ்கேலை எடுத்தது. பெஞ்சுக்குப் பெஞ்சு மலைகள் எழும்பின.

"மலை வேண்டாஞ் சாமிகளா. கோழி வரைங்க. தப்பா வரைங்க."

"எந்தத் தப்புங்க சார்?" என்று எழுந்தாள் வகுப்புத் தலைவி அஃபீபா. "போர்டுல போட்டுக் காட்டுங்க, பாத்துப் போட்டுக்கறோம்."

ஆசிரியர் மனம் தளரவில்லை. முதல் பெஞ்சில் சின்னவளாக இருந்த தனப்பிரியாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, குரலைத் தேனாக்கிக்கொண்டார்.

"நீ சொல்லு சாமி. கோழிக்கு என்ன கலர் குடுக்கப்போற?"

அவள் கலர்ப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.

"பயப்படாத. உனக்குப் புடிச்ச கலரு எதுவோ, அதக் குடு."

தனப்பிரியா இரண்டு கைகளையும் மெல்ல மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டு கேட்டாள்:

"எந்தக் கலரு புடிச்சா அடிக்கமாட்டீங்க சார்?"